மூன்று கிலோ இரக்கம்

போன வாரக் கதையில் மனுஷனைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறார். தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை, காது மட்டும் கதவுக்கு உள்ளே.

உள்ளே அவர் மனைவி எடை மெஷின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

இவர் தராசு மெக்கானிக். மளிகைக் கடையோ, மருந்துக் கடையோ, ஆஸ்பத்திரியோ, எங்கே எடை மெஷின் முரண்டு பிடித்தாலும் இவருக்குத்தான் போன் வரும். பெட்டி நிறைய எடைக்கற்களோடு போவார். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சரி செய்து, ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். ஒரு கடைக்காரர் ஒருமுறை, "கொஞ்சம் நமக்குச் சாதகமா முடுக்கி விடுங்களேன்" என்று பல்லைக் காட்டியபோது, பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கி வந்தவர். அந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கேட்காதீர்கள், மனைவிக்கும் தங்கைக்கும் மனப்பாடம்.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். வருஷக்கணக்காக நின்றே பாடம் நடத்தி முழங்கால் தேய்ந்துவிட்டது. "முட்டியை மாத்திடலாம், ஆனா தொண்ணூத்தி ரெண்டு கிலோவை எண்பத்தி ரெண்டாக்கிட்டு வாங்க" என்றுவிட்டார் டாக்டர். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அம்மா ஒரு சார்ட் கொடுத்தார். காலையில் இது, நடுவில் இது, ராத்திரி இது, வேறு எதுவும் கூடாது. டீச்சர் அல்லவா, ஒரு வரி பிசகாமல் நடந்தாள். நான்கு கிலோ இறங்கியது. அப்புறம் முள் எண்பத்தெட்டில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், "சார்ட்டைத் தூக்கிப் போடுங்க அண்ணி, கலோரிக் கணக்குக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சரும் வந்தாள். அதற்கும் முள் மசியவில்லை. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுத சத்தம், குழாய்ச் சத்தத்தையும் மீறி இவர் காதில் விழுந்தது.

அப்புறம் இவர் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மெஷினைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே ஒரு திருகை நூலளவு நகர்த்தினார். முள் சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில்தான் நிற்கும். யாராவது ஏறினால்தான் பொய் சொல்லும். ஒரே நாளில் நிறையக் குறைந்தால் யாருக்கும் சந்தேகம் வருமே. அதனால் முதல் தடவை கொஞ்சம்தான். அப்புறம் கை நிற்கவில்லை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று கிலோ. வேலியே பயிரை மேய்ந்தது, அதுவும் தவணை முறையில்.

கதவு திறந்தது.

"என்னங்க, வந்துடுச்சு!" என்றாள் டீச்சர். முகமெல்லாம் பல். "எண்பத்தி ரெண்டு! கோட்டு மேலேயே நிக்குது. வந்து பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? நீ பாத்தாப் போதாதா?"

"மெஷின்காரர் பாத்தாத்தானே செல்லும்."

அவர் எட்டிப் பார்த்தார். முள் கோட்டின் மேல் கம்பீரமாக நின்றது.

சமையலறையில் தங்கை ரொட்டித் துண்டைக் குட்டித் தராசில் வைத்து, போனில் அதன் கலோரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? சார்ட்டுங்கறது அடுத்தவங்க தைச்ச சட்டை அண்ணி. கணக்குத்தான் நம்ம அளவுக்குத் தைச்சது."

"சும்மா இரு. சார்ட்டுல ஒரு நிம்மதி இருந்துச்சு. யோசிக்கவே வேண்டாம். உன் கணக்குல ஒரு பிஸ்கட் தின்னாக்கூட மனசுக்குள்ள மணியடிக்குது."

"மணியடிச்சாத்தான் இறங்கும்."

"இறங்கிடுச்சே, அதைத்தானே சொல்றேன். ஸ்கூல்ல எல்லா டீச்சரையும் சார்ட்டை விடச் சொல்லிட்டேன். என்னைப் பாத்துட்டு ஆறேழு பேர் கணக்குக்கு மாறிட்டாங்க."

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். ஒரே ஒரு பொம்பளை அழக்கூடாது என்று செய்தது, இப்போது ஒரு பள்ளிக்கூடமே அதை நம்பிக்கொண்டிருக்கிறது. அவருக்கு ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

டாக்ஸியில் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்தார். ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைகள் இன்றைக்கு. எடை சரியாக இருந்தால் தேதி கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி மெஷின் பொய் சொல்லாது. அதற்கு முன்னால் இவர் உண்மையைச் சொல்லிவிட்டால், குறைந்தபட்சம் நாலு பேர் முன்னால் அவள் அவமானப்பட்டு நிற்க வேண்டாம்.

முதல் சிக்னலில் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "பயமா இருக்குன்னு சொல்லப் போறீங்க. எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன? முட்டி சரியானதும் முதல் வேலையா ஸ்கூல் மாடிக்குப் போய் என் பழைய வகுப்புல நின்னு பாடம் நடத்தப் போறேன். உக்காந்துக்கிட்டு நடத்தறது எனக்குக் கேவலமா இருக்குங்க. பசங்க நாற்காலியை எடுத்துட்டு வந்து போடும்போதெல்லாம் பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு தோணும்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது சிக்னல் பச்சையாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் இடம் ஒரு நீண்ட நடையின் கடைசியில். சுவரோரமாக நாற்காலிகள், அதில் வரிசையாகக் காத்திருப்பவர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் உணவு ஆலோசகர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். முகம் பளிச்சுனு இருக்கே!"

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது," என்று டீச்சர் ஆரம்பித்தாள். "உங்க சார்ட்டை விட்டுட்டேன்."

"அப்படியா? என்ன ஆச்சு?"

"எண்பத்தெட்டுல நின்னு போச்சும்மா. கலோரிக் கணக்குக்கு மாறினேன், சரசரன்னு இறங்கிடுச்சு. உங்களுக்குப் பாடம் நடத்தறதா நினைக்காதீங்க. இனிமே வர்றவங்களுக்கு நீங்களும் கணக்கையே சொல்லிக் குடுங்களேன்."

நாற்காலியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் குரல் கடைசி பெஞ்சுக்கும் கேட்டுப் பழகிய குரல்.

ஆலோசகர் அம்மா சிரித்தார். "கோவமெல்லாம் இல்ல டீச்சர். சிலருக்குச் சார்ட்டு ஒத்துவரும், சிலருக்குக் கணக்கு. விருந்தாளி வந்துட்டாச் சார்ட்டு படுத்துடும். கண்ணால அளந்து குத்துமதிப்பாப் போட ஆரம்பிச்சாக் கணக்கு படுத்துடும். முள் அசையாத வாரத்துலயும் எதை விடாம செய்ய முடியுதோ, அதுதான் நிலைக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"எனக்குக் கணக்குத்தான்மா. சந்தேகம்னா இவரையே கேளுங்க."

இவர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைகளை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எண்கள் ஓடி நின்றன. எண்பத்தைந்து.

"இல்லையே," என்றாள். இறங்கினாள். கைப்பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள், கைக்கடிகாரத்தையும் கழற்றினாள். மறுபடி ஏறினாள். எண்பத்தைந்து.

"காலையிலதாம்மா பாத்தேன். எண்பத்தி ரெண்டு. உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. என்னங்க, கொஞ்சம் பாருங்களேன். இவர் வேலையே இதுதான்மா."

"தெரியாமலா?" என்றார் ஆலோசகர் அம்மா. "இதைச் சரிபார்த்ததே சார்தானே. இதோ பாருங்க, ஸ்டிக்கர்ல கையெழுத்து." அப்புறம் இவர் பக்கம் திரும்பினார். "சார், தப்புக் காட்டுதுன்னா சொல்லிடுங்க. வீட்டு எடையையே எழுதிக்கறேன், இன்னிக்கே தேதி வாங்கிடலாம். ஆனா ஒண்ணு, மயக்க மருந்தோட அளவும் இந்த எடையை வச்சுத்தான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

குனிந்தார். மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார். கால்களைத் தடவிப் பார்த்தார். பார்க்க எதுவும் இல்லை, நேரம்தான் வேண்டியிருந்தது. 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேதி கிடைத்துவிடும், அவள் தலை நிமிர்ந்தே இருக்கும், இவர் கையெழுத்து மட்டும் கொஞ்சம் அசிங்கப்படும். படட்டுமே. ஆனால் மயக்க மருந்து?

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார், தரையைப் பார்த்து.

"அப்ப நம்ம வீட்டு மெஷின்?"

"அதுதான் தப்பு."

"அது எப்படித் தப்பாகும்? அதை நீங்கதானே பாத்துக்கறீங்க?" அவள் இன்னும் மெஷின் மேலேயே நின்றிருந்தாள். "எந்திரிங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். "நான்தான் மாத்தி வச்சேன். மூணு கிலோ கம்மியாக் காட்டற மாதிரி."

நாற்காலி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். சிரித்தவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, மெல்ல இறங்கினாள். அவர் கை கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எண்பத்தஞ்சுன்னே எழுதிக்கோங்கம்மா," என்றாள் ஆலோசகரிடம். "முன்னாடி நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

அந்த அம்மா ஏதோ ஆறுதல் சொன்னார். அது அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிய முடியாமல் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதை எடுத்து நேராக வைப்பது அவர்தான். இன்றைக்குக் கிட்டே போக அவருக்குத் தைரியம் இல்லை.

வாசலில் டாக்ஸிக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

"எத்தனை தடவை கை வச்சீங்க?"

"மூணு."

"எப்போலேருந்து?"

"நீ கணக்குக்கு மாறினியே, அப்போலேருந்து. நீ உள்ள அழுதுட்டு இருந்த. என்னால தாங்க முடியல. ஒரு தடவை போதும்னுதான் நினைச்சேன். அடுத்த வாரம் நீ சிரிச்சதைப் பாத்ததும் மறுபடியும்..." மீதியை மென்று விழுங்கினார். "தப்புத்தான். செருப்பால அடி."

"அதெல்லாம் வேண்டாம். நான் அழுதது கேட்டுச்சுல்ல?"

"ம்."

"அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு, நேரா சமையலறைக்கு வந்து முட்டையை நிறுத்துப் பாத்தேனே. அது உங்க கண்ணுல படலையா?"

பட்டிருந்தது. சிவந்த கண்ணோடு அவள் முட்டையைத் தராசில் உருளாமல் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார்தான். பார்த்துவிட்டு, பாவம் என்றுதான் நினைத்தார்.

"அந்த முள்ளை என்னால தாங்க முடியாதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க," என்றாள். குரல் உயரவில்லை. வகுப்பில் மிகவும் கோபம் வந்தால்தான் அவள் குரல் இப்படி இறங்கும். "நானே இறக்கினது ஏழு கிலோ. இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஏழு கிலோ! அதை நினைச்சு ஒரு நாள் சந்தோஷப்பட முடியுதா? உங்க மூணு கிலோ வந்து அதுக்கு மேல உக்காந்துக்கிச்சு."

"நான் வேணும்னா டாக்டர்கிட்ட..."

"டாக்டர்கிட்ட என்ன பேசுவீங்க? மெதுவாப் போனாலும் சார்ட்டே என்னைக் கொண்டுபோய்ச் சேத்திருக்குமா, இல்ல நிஜமாவே கணக்குலதான் இறங்கினேனா, இனிமே நான் யாரைக் கேப்பேன்? ரெண்டையும் நிறுத்துப் பாத்த தராசே பொய். அந்தப் பொய்யை நம்பி ஸ்டாஃப் ரூம்ல மேடை போட்டுப் பேசியிருக்கேன். திங்கக்கிழமை எந்த மூஞ்சியோட உள்ள போறது?"

டாக்ஸி வந்தது. அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து அவர் அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அவமானப்பட்டது உண்டு, கடைக்காரர்கள் வாசலில் நிற்க வைத்தது உண்டு. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னால் பாதி கரைந்துவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் தங்கை ஆபீஸிலிருந்து வந்தவள், மாடிக்குக்கூடப் போகாமல் நேராக உள்ளே நுழைந்தாள்.

"அண்ணி! தேதி கிடைச்சுதா? ஆபீஸ்ல உங்க கதையைச் சொல்லியே நாலு பேரைக் கணக்குக்கு மாத்திட்டேன். எல்லாரும் தேதி என்னன்னு கேட்டுட்டே இருக்காங்க."

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த டீச்சர் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். செய்தித்தாளுக்கு இந்தப் பக்கம் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சொல்லட்டும், வந்தது வரட்டும் என்று.

"டாக்டர் அவசரமா வெளியூர் போயிட்டாராம்மா," என்றாள் டீச்சர். "தள்ளி வச்சிருக்காங்க."

"அட, இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படியா! எடை என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரின்னுட்டாங்க."

"பின்ன! அண்ணன் மெஷின்னா சும்மாவா? இருங்க, நானும் ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்." கைப்பையைச் சோபாவில் எறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள்.

செய்தித்தாள் தானாக இறங்கியது. டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா," என்றாள் மெதுவாக. "எவ்வளவு சுலபமா வருது."

அவருக்குக் காது மடல் சுட்டது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று நிற்க வைத்துக் கண்டித்தவள். அவள் வாயிலிருந்து, அவருக்காக, இப்படிக் கண் இமைக்காமல் ஒரு பொய். ஊரே கூடி அவர் முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் இவ்வளவு கூசியிருக்காது.

"உங்க முகத்தைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன்," என்றாள். "எனக்கு இதே பழக்கமாயிடும்னு பயமா இருக்குங்க. இது ஒண்ணோட நிறுத்திக்கறேன். அடுத்ததுக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

குளியலறையிலிருந்து ஒரு கூவல். "அண்ணா! எனக்கும் இறங்கியிருக்கு! ஓடி வா, ஓடி வா!"

அவர் எழுந்தார். குளியலறை வாசலுக்குப் போனார். தங்கை மெஷின் மேல் நின்று, கழுத்தை வளைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன், முள்ளைப் படம் பிடிக்கத் தயாராக.

"நாளைக்கு ஆபீஸ்ல காட்டணும். நிழல் விழுது அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லேன்."

"இறங்கும்மா," என்றார்.

"ஏன், என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால், கூடத்திலிருந்து, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்க முடியாத அந்தக் காலை வைத்துக்கொண்டு, அவர் சொல்லப்போவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கும் தூரத்துக்கு அவள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.